மறு உத்தரவு வரும் வரை

எங்கள் அகதி முகாம் வாசலுக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் ஒரு டீக்கடை. கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். 2025 மே 19-ஆம் தேதி சாயங்காலம் தையல் வேலை முடிந்து வரும்போது கடை டி.வி.யில் ஒரே செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இலங்கைத் தமிழர் ஒருவர் ஏழு வருஷ தண்டனையை முடித்துவிட்டார். அப்புறமும் கிட்டத்தட்ட மூன்று வருஷமாக அடைபட்டுக் கிடக்கிறார். என்னை நாடு கடத்த வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார். உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துப் பார்க்க இந்தியா என்ன சத்திரமா, இங்கேயே 140 கோடிப் பேர் இருக்கிறோமே என்று நீதிபதி கேட்டாராம். மனு தள்ளுபடி.

"சரியாத்தான சொல்லியிருக்காக" என்றார் அண்ணாச்சி, டீயை ஆற்றிக்கொண்டே. திரும்பிப் பார்த்தவர் நான் நிற்பதைக் கண்டதும் ஒரு நிமிஷம் தடுமாறினார். "உங்களச் சொல்லல தாயி."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் இந்த அண்ணாச்சிதான் 2012-ல் என் தம்பிக்காகக் கடையைப் பூட்டிப்போட்டு கோர்ட்டுக்கு வந்து, சொத்து வரி ரசீதைக் காட்டி ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். இரண்டும் ஒரே ஆள்தான். இதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல வருஷம் ஆனது.

அன்றிலிருந்து எழுதணும் எழுதணும் என்று நினைத்து இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். தம்பியைச் சிறப்பு முகாமிலிருந்து வெளியே எடுத்த கதை. 16 மாதம் பிடித்தது. எந்த ஊர் முகாம், எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று எழுதப் போவதில்லை. எங்களுக்கு இன்னும் அவர்களோடு வேலை இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகாம் என்றால் இரண்டு வகை. நாங்கள் குடியிருப்பது சாதாரண முகாம். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மூன்று இருக்கின்றன, எங்களுடையது அதில் ஒன்று. காலையில் பெயிண்ட் வேலைக்குப் போவோம், சாயங்காலம் வருவோம், தணிக்கை நாளில் எல்லோரும் ஆஜராகிக் கையெழுத்துப் போட்டு உதவித்தொகை வாங்குவோம். 2021-க்குப் பிறகு இதற்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. சிறப்பு முகாம் வேறு. பெயர்தான் முகாம், சுற்றிலும் மதில், வாசலில் போலீஸ். 1990-ல் வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகாலில் தொடங்கியது. புலிகளையும் புலிகள் என்று சந்தேகப்பட்டவர்களையும் தனியாக வைப்பதற்கு. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பெருகியது. 1995-ல் அந்தத் திப்பு மகாலிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அப்புறம் செங்கல்பட்டு, பூவிருந்தவல்லி, திருச்சி என்று இடம் மாறியது. கலைஞர் ஆட்சியில் திறந்தது, அம்மா ஆட்சியில் விரிந்தது. வைகோவும் திருமாவளவனும் சீமானும் மூடச் சொல்லாத மேடை இல்லை. ஆனால் எந்த ஆட்சியும் மூடவில்லை. அதற்குச் சொல்கிற காரணம் எப்போதும் ஒன்றுதான்: பொதுமக்கள் பாதுகாப்பு.

தம்பி போனது பாதுகாப்பைக் கெடுக்க அல்ல, ஆஸ்திரேலியா போக. அந்த 2012-ஆம் வருஷம் முகாம்களில் வேறு பேச்சே கிடையாது. இன்னார் மகன் போய்ச் சேர்ந்துவிட்டான், கிறிஸ்துமஸ் தீவிலிருந்து போன் பண்ணினான் என்று தினம் ஒரு செய்தி. ஏஜெண்ட் முன்பணமாக ஒன்றரை லட்சம் கேட்டான். அம்மாவின் தாலிக்கொடியும் என் தையல் சீட்டும் போயின. தம்பிக்கு அப்போது 21 வயது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க், அதற்கு மேல் படிக்க வழியில்லாமல் நான்கு வருஷமாக வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் மாதம் கடற்கரை ஊர் ஒன்றில் லாட்ஜில் பத்துப் பேரோடு படகுக்காகக் காத்திருக்கும்போது போலீஸ் வந்துவிட்டது. ஏஜெண்ட் அகப்படவில்லை. அது எப்போதும் அப்படித்தான்.

வெளிநாட்டவர் சட்டத்தில் வழக்கு, ரிமாண்ட், சிறை. 42 நாளில் ஜாமீன் கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களுக்குச் சொந்தமாகச் சொத்து வேண்டும். முகாமில் யாருக்கு இருக்கிறது சொத்து? நாங்கள் இருக்கும் பத்துக்குப் பத்து வீடே அரசாங்கத்தினுடையது. அம்மா அண்ணாச்சியிடம் போய்க் கேட்டார். அவர் தன் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பத்து பைசா வாங்கவில்லை. இன்னொரு பக்கம், ரேஷன் கார்டு நகலோடு வந்து ஆளுக்கு ஐயாயிரம் கேட்டவர்களும் கோர்ட் வாசலில் நின்றார்கள்.

ஜாமீன் உத்தரவு சிறைக்குப் போன அன்று சாயங்காலம் நானும் அம்மாவும் புதுச் சட்டையும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு சிறை வாசலில் நின்றோம். ஆறரை மணிக்குச் சின்னக் கதவு திறந்தது. தம்பி குனிந்து வெளியே வந்தான். எங்களைப் பார்த்துச் சிரித்தான். அதற்குள் இரண்டு பேர் அவன் பக்கத்தில் வந்து நின்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்து வாங்கினார்கள். வேன் ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகி நின்றது. "பயப்படாதீங்கம்மா, ஜெயில் இல்ல, முகாம்தான்" என்றார் ஒருவர், ஆறுதலாகத்தான். ஆரஞ்சுப் பையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் காகிதத்தின் நகல் கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் சார் படித்துச் சொன்னார். 1946-ஆம் வருஷ வெளிநாட்டவர் சட்டம், பிரிவு 3(2)(e). அதன்படி வெளிநாட்டவர் ஒருவர் எந்த இடத்தில் தங்க வேண்டும் என்று அரசு சொல்லலாம். இவர் சிறப்பு முகாமில் தங்க வேண்டும். எத்தனை நாள்? "மறு உத்தரவு வரும் வரை."

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "அப்ப எந்தத் தேதிக்கு விடுவினம்?" சார் காகிதத்தை இன்னொரு தடவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "தேதி போடலம்மா."

அடுத்த 16 மாதமும் நாங்கள் அலைந்தது இந்தத் தேதிக்காகத்தான். கொலை செய்து உள்ளே போனவனுக்குக்கூட ஆயுள் தண்டனை, பதினாலு வருஷம், நன்னடத்தை என்று ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் காலண்டரில் அடித்துக்கொண்டே வரலாம். எங்களுக்கு அடிக்க எதுவும் இல்லை.

பார்க்கப் போவதே ஒரு பெரிய வேலை. எங்கள் முகாமை விட்டு ராத்திரி வெளியே தங்க நாங்களே அனுமதி வாங்க வேண்டும். அங்கே உள்ளே போக வேறு அனுமதி. இரண்டு மனு, இரண்டு ஊர். மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலை இறங்கலாம். பத்து மணிக்கு மேல்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை தணிக்கை நாளும் பார்க்கும் நாளும் ஒரே தேதியில் வந்துவிட்டது. தணிக்கைக்கு இல்லையென்றால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று அம்மாவை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். தம்பி மெலிந்திருந்தான். உள்ளே தினப்படி கொடுத்துவிடுவார்கள், அவர்களே சமைத்துக்கொள்ள வேண்டும். "நல்லா சொதி வைக்கப் பழகிட்டேன்கா" என்றான். அவனோடு அறையில் இருந்தவர் ஐந்தாவது வருஷம் ஓடுகிறது என்றாராம். அதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பார், "அவன் சாப்பிட்டவனோ?" மற்றதெல்லாம் அப்புறம்.

இனி மனு போட்ட கதை. முதல் மனு கலெக்டர் அலுவலகத்தில், திங்கட்கிழமைக் குறைதீர் நாளில். எதிரே மரத்தடியில் மனு எழுதுகிறவர் முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு 'மதிப்பிற்குரிய ஐயா' என்று அழகாக எழுதிக்கொடுத்தார். சீட்டு ஒன்று தந்தார்கள், நம்பர் போட்டு. உத்தரவு போடுவது சென்னையில் தலைமைச் செயலகம், இங்கிருந்து அங்கே அனுப்பத்தான் முடியும் என்று அங்கிருந்த ஒருவர் பொறுமையாக விளக்கினார். அது உண்மைதான். அது தெரியாமல் பலர் வருஷக்கணக்கில் மாவட்டத்திலேயே சுற்றுகிறார்கள். அடுத்து சென்னை எழிலகத்தில் மறுவாழ்வுத் துறைக்கு ஒன்று, தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டைக்கு ஒன்று, மனித உரிமை ஆணையத்துக்கு ஒன்று, எல்லாம் ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில். அட்டைகள் திரும்பி வந்தன. பதில் வரவில்லை. நான்கு மாதம் போனது.

அப்போதுதான் டியூஷன் சார் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சொன்னார். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும். 2005-லேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். என் பெயரில் போட முடியாது, சார் பெயரில் போட்டோம்.

இங்கே ஒரு கிளைக்கதை. எங்கள் அப்பா அம்மா 1985-ல் இலங்கையில் மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து படகில் வந்தவர்கள். நான் பிறந்தது 1986 கடைசியில், மண்டபம் முகாமில். தம்பி 1990-ல், இங்கே வந்த பிறகு. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதாவது ஒரே வயிற்றில் பிறந்த எங்களில் நான் இந்தியப் பெண், அவன் வெளிநாட்டவன். இது 2012-ல் எங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. என்னிடம் இருந்ததும் அகதி அட்டைதான். 2022-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை, என்னைப்போலவே 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருப்பவர். 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரிதான், நான் என் பெயரிலேயே அந்தப் பத்து ரூபாய் ஸ்டாம்பை ஒட்டியிருக்கலாமே என்று தோன்றியது. சரி, போகட்டும்.

தகவல் மனுவுக்குப் பாதிக் கேள்விக்குப் பதில் வந்தது. எத்தனை நாள் வைக்கலாம் என்று ஏதாவது வரம்பு உண்டா என்ற கேள்விக்கு, சட்டப் பிரிவையே திருப்பி எழுதியிருந்தார்கள். என்ன காரணத்துக்காக என் தம்பியை வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல இயலாது. பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம், என்ன பாதுகாப்பு என்று சொன்னால் பாதுகாப்புக்குக் கேடு. சார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது ஹைகோர்ட். ஒத்தக்கடைக்கு இந்தப் பக்கம் மேலூர் ரோட்டில் பெரிய கட்டடம், 2004-லிருந்து இருக்கிறது, பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே போவேன் என்று நினைத்ததில்லை. வக்கீலுக்குக் காசு? பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, வருமானம்கூடப் பார்க்க மாட்டார்கள், குடிமகளா என்று கேட்க மாட்டார்கள். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இந்த நிலைமை என்றால் இதை மட்டும் மறக்க வேண்டாம். எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா வயதில் சின்னவர், ஆனால் விஷயம் தெரிந்தவர். முதல் நாளே உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"ஆட்கொணர்வு மனு போட்டா நிக்காதுக்கா. சிறப்பு முகாம் காவல் இல்ல, தங்குற இடத்தைக் கட்டுப்படுத்துறதுதான்னு கோர்ட்டே முன்னாடி சொல்லியிருக்கு. காவல் இல்லைன்னா தடுப்புக் காவல் சட்டத்துல இருக்கிற ஆலோசனைக் குழு, மாதக் கெடு எதுவும் பொருந்தாது."

"வாசல்ல போலீஸ் இருக்கே?"

"இருக்கு. ஆனா காவல் இல்ல."

ரிட் மனு போட்டோம். அரசியல் சட்டத்தில் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்குத்தான், 21-ஆம் பிரிவு உயிரோடு இருக்கிற எல்லா மனிதருக்கும் என்று அவர் எனக்குச் சொன்னதை நான் முகாமில் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். லிஸ்டில் வந்தது, வரவில்லை, அரசுத் தரப்பு அவகாசம் கேட்டது, மறுபடி லிஸ்ட். கடைசியில் ஒரு நாள் மூன்று நிமிஷத்தில் முடிந்தது: மனுதாரரின் கோரிக்கையை எட்டு வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவு பிறப்பிக்க வேண்டும். நான் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து அம்மாவுக்குப் போன் போட்டேன். வக்கீலம்மா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். "பரிசீலிக்கத்தான்கா சொல்லியிருக்கு. விடச் சொல்லல."

எட்டாவது வாரக் கடைசியில் பதில் வந்தது. பரிசீலித்தார்களாம். வழக்கு நிலுவையில் இருப்பதாலும் பொது அமைதி கருதியும் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

ஆனால் அந்த ஒரு வரியில்தான் வழி இருந்தது. வழக்கு நிலுவையில் இருப்பதால். அப்படியென்றால் வழக்கை முடித்தால்? வக்கீலம்மா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. விசாரணை முறைப்படி நடந்தால் சாட்சி, குறுக்கு விசாரணை என்று மூன்று நான்கு வருஷம் ஆகும். சிறப்பு முகாமிலிருந்து வாய்தாவுக்குக் கூட்டிவரக் காவல் இல்லை என்றால் அந்த வாய்தாவும் போச்சு. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாள். ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு அபராதம் போட்டு முடித்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள்.

அந்த முறை பார்க்கப் போனது மறக்க முடியாதது. தம்பி மீது போட்டிருந்த வழக்கில் பாதி உண்மை. அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போக முயன்றான், அது சரி. ஆனால் ஆள் சேர்த்தான், பணம் கைமாற்றினான் என்றும் சேர்த்து எழுதியிருந்தார்கள். ஏஜெண்ட் அகப்படாததால் அவன் பங்கைப் பத்துப் பேருக்கும் பிரித்துக் கொடுத்த மாதிரி. சண்டை போட்டால் அது உடைந்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன். தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான். "ஒத்துக்கிட்டா தேதி குடுப்பாங்களாக்கா?"

ஒத்துக்கொண்டான். நீதிபதி தமிழிலேயே கேட்டார், யாராவது வற்புறுத்தினார்களா என்று. இல்லை என்றான். சிறையில் இருந்த 42 நாளும் தண்டனையாகக் கழிந்தது, அதோடு அபராதம். சிறப்பு முகாமில் இருந்த ஒரு வருஷத்துக்கும் மேற்பட்ட காலம்? அது கணக்கில் வராது. அது காவல் இல்லையே.

மறுபடி கோட்டைக்கு மனு, தீர்ப்பு நகலோடு. மறுபடி மூன்று மாதம். 2014 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை உத்தரவு வந்தது. எங்கள் முகாமில் குடும்பத்தோடு வசிக்க அனுமதி, மாதமாதம் தவறாமல் கையெழுத்து. வெள்ளி ராத்திரி மாட்டுத்தாவணியில் வந்து இறங்கினான். அண்ணாச்சி கடையைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். டீ குடித்துவிட்டுத்தான் முகாமுக்குள் விட்டார்.

அம்மா விளக்கைப் போட்டு அவன் கையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்காவது அடித்திருக்கிறார்களா என்று தேடினார். அடிக்கவில்லை. யாரும் ஒரு அடி அடிக்கவில்லை. நான் யாரையும் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. வேனில் ஏற்றினவரும் பழத்தை வாங்கிக்கொண்டார், மனு வாங்கினவரும் விளக்கம் சொன்னார்.

ஆனால் இன்றைக்கு யாராவது ஒரு கட்சிக்காரர் டி.வி.யில் உட்கார்ந்து, முகாம்களில் குற்றப் பின்னணி உள்ளவர்கள் இத்தனை பேர் என்று எண்ணிக்கை சொன்னால், அந்த எண்ணிக்கையில் என் தம்பி ஒருத்தன். வெளியே வருவதற்காகப் போட்ட கையெழுத்து அவனைக் குற்றவாளியாக்கியது. பாதுகாப்புக்காக அடைத்தார்கள், அடைத்ததால் ஒப்புக்கொண்டான், ஒப்புக்கொண்டதால் இப்போது நிஜமாகவே ஆபத்தானவன் பட்டியலில் இருக்கிறான். அண்ணாச்சியிடம் இதை விளக்கப் பார்த்தேன். "அவன் வேற தாயி, நான் சொல்றது மத்தவங்கள" என்றார். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு டீக்கடைக்காரர் இருப்பாரே என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

அவர் பயமும் வெறும் பயம் இல்லை. 2022 டிசம்பரில் திருச்சி சிறப்பு முகாமுக்குள்ளேயே தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) ஒன்பது இலங்கைக்காரர்களைப் பிடித்தது. போதைப்பொருள், ஆயுதக் கடத்தல் வழக்கு. அந்தப் பேப்பரை மடித்து எனக்காக எடுத்துவைத்திருந்தார் அண்ணாச்சி. நான் என்ன சொல்வது? எங்கள் முகாமிலேயே ஒருவர் இருந்தார். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை வெட்டினவர், இரண்டு வீடு தள்ளி. 2009-ல் அவரையும் சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனபோது முகாம் முழுக்க நிம்மதியாகத் தூங்கினோம். நானும்தான். ஏன் விசாரித்துத் தண்டனை கொடுக்காமல் அங்கே அனுப்பினார்கள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்று வருஷம் கழித்து வெட்டுப்பட்ட அந்த அக்கா என்னிடம் வந்து, "அந்தாளை எப்ப விடுவினம் எண்டு தெரியுமோ? வாற தேதி தெரிஞ்சா நான் பிள்ளையளோட வேற இடம் போயிருவன்" என்றார். அவருக்குத் தேவைப்பட்டதும் ஒரு தேதிதான், எங்களுக்கு நேர் எதிரான காரணத்துக்காக.

தம்பி வந்த நான்காம் மாதம் மாமா மகன் கிளம்பினான். எவ்வளவோ சொன்னோம். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 பேரோடு போன படகு அது. ஆஸ்திரேலியக் கப்பல் நடுக்கடலில் மறித்து, ஒரு மாதம் போல யாருக்கும் எதுவும் சொல்லாமல் கடலிலேயே வைத்திருந்தார்கள். அப்புறம் நவ்ரு தீவில் ஆஸ்திரேலியா நடத்திய தடுப்பு முகாம். கடலில் வைத்தது சட்டப்படி சரி என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் நாலுக்கு மூன்று என்று தீர்ப்புச் சொன்னது. பல வருஷம் கழித்து வைத்தியத்துக்காக மெல்பர்ன் கொண்டுபோய், அங்கே ஒரு ஹோட்டல் அறையில் ஜன்னல் திறக்காமல் வைத்திருந்தார்கள். இப்போது வெளியே இருக்கிறான், தற்காலிக விசாவில்.

அவனும் தம்பியும் போனில் பேசினால் ஒரு மணி நேரம் ஓடும். 2023 நவம்பரில் அந்த நாட்டு நீதிமன்றம், அனுப்ப இடமே இல்லாத ஒருவரைக் காலவரையில்லாமல் அடைத்துவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாம். 2004-ல் அதே நீதிமன்றம் அடைக்கலாம் என்று சொல்லியிருந்தது. சுமார் 150 பேரை விட்டார்கள். அதில் கொலை செய்து தண்டனை முடித்தவர்களும் உண்டு. எதிர்க்கட்சி குதித்தது, மக்கள் பாதுகாப்பு போச்சு என்று. அரசாங்கம் அவசரமாகச் சட்டம் போட்டு அவர்கள் காலில் கண்காணிப்புக் காப்பு மாட்டியது, ராத்திரி வெளியே வரக் கூடாது என்றது. அடுத்த வருஷம் அதுவும் செல்லாது என்றது நீதிமன்றம். இப்போது பணம் கொடுத்து நவ்ருவுக்கே அனுப்ப ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

தம்பி கேட்டான். "காப்பு மாட்டினப்ப எத்தனை மாசம்னு போட்டிருந்தாங்களாடா?"

எனக்கு அந்தக் கேள்வி போதுமாக இருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

2025 செப்டம்பரில் இங்கேயும் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1946 சட்டம் போய்க் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம். கூடவே ஒரு விலக்கு உத்தரவு: 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக நடவடிக்கை கிடையாது. முகாமில் சிலர் லட்டு கொடுத்தார்கள். ஒரு வழியாக எங்களுக்கும் காகிதத்தில் ஒரு தேதி வந்ததே என்று நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன்.

அம்மா கேட்டார். "அப்ப இனிப் பிடிக்க மாட்டினமோ?"

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். இப்போது பெரிய வக்கீல், ஆனாலும் எடுத்தார். காகிதம் இல்லாததற்காக வழக்குப் போட மாட்டார்கள், அது பெரிய விஷயம்தான் என்றார். வெளிநாட்டவர் எங்கே தங்க வேண்டும் என்று அரசு உத்தரவு போடும் அதிகாரம் புதுச் சட்டத்திலும் இருக்கிறது என்றார். குடியுரிமை வேறு கதை, அதை உன்னோடு ஆரம்பிப்போம், மண்டபத்தில் பிறந்த சான்றிதழை முதலில் தேடு என்றார்.

நான் அம்மாவிடம் "பிடிக்க மாட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

விலக்கு உத்தரவை ரோட்டோரக் கடையில் மூன்று நகல் எடுத்தேன். ஒன்று தம்பியின் பர்ஸில், பிளாஸ்டிக் உறை போட்டு. ஒன்று அண்ணாச்சி கேட்டார், படித்துப் பார்க்கணுமாம். மூன்றாவதைப் பழைய மஞ்சப் பையில், 2012-ஆம் வருஷத்து அந்த ஒன்றரைப் பக்கக் காகிதத்துக்கு மேலே வைத்திருக்கிறேன்.